ஆசிய வாலிபால்: வரிசையில் இல்லாத பெயர்

ஆசிய ஆடவர் வாலிபால் சாம்பியன்ஷிப் 1975-ல் மெல்போர்னில் தொடங்கியது. 2023-ல் ஈரானின் ஊர்மியா நகரில் நடந்தது வரை கணக்கெடுத்தால் 22 போட்டிகள். கோப்பையை ஐந்து நாடுகள்தான் கொண்டுபோயிருக்கின்றன. ஜப்பான் 10 முறை, தென் கொரியாவும் ஈரானும் தலா 4 முறை, சீனா 3 முறை. மிச்சமுள்ள ஒன்று, 2007-ல் ஜகார்த்தாவில் வென்ற ஆஸ்திரேலியாவுக்கு. வென்றவர்களை விடுங்கள், இரண்டாவது, மூன்றாவது இடங்களையும் சேர்த்துத் தேடினாலும் இந்தியாவின் பெயர் இல்லை. கஜகஸ்தான் இருக்கிறது, கத்தார் இருக்கிறது. சாயங்காலமானால் ஊர்ப் பொட்டலில் நெட் கட்டிவிடும் தமிழகமும் கேரளமும் பஞ்சாபும் ஹரியாணாவும் அடங்கிய நாடு இல்லை. 2005-ல் தாய்லாந்தின் சுபன்புரியில் நான்காவதாக வந்தோம். பதக்க மேடைக்கு அருகே போன கதை அவ்வளவுதான்.

இதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. இந்தப் போட்டிக்கு முன்னோடியாக, ஆசிய அளவில் நடந்த முதல் வாலிபால் போட்டியை வென்றதே நாம்தான். 1955-ல் டோக்கியோவில் நடந்த அந்தப் போட்டியில் அறுவர் ஆட்டத்தில் இந்தியா முதலிடம், ஒன்பது பேர் ஆட்டத்தில் ஜப்பான் முதலிடம். அன்றைய கிழக்காசியாவில் ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர் நின்று ஆடுவதுதான் வழக்கம். 1958-ல் டோக்கியோவில் நடந்த ஆசியாட் என்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில்கூட இரண்டு வகைக்கும் தனித்தனியே பதக்கம் கொடுத்தார்கள். ஆகவே 1955 வெற்றியை ரொம்பவும் ஊதிப் பெருக்க வேண்டியதில்லை. ஜப்பான் அப்போது வேறொரு ஆட்டத்தில் மூழ்கியிருந்தது. அறுவர் ஆட்டத்தின் பக்கம் அது முழுமனதோடு திரும்பிய பிறகு நடந்ததைப் பாருங்கள்: 1964 ஒலிம்பிக்கில் வெண்கலம், 1968-ல் வெள்ளி, 1972 மியூனிக்கில் தங்கம். படி ஏறுவது என்றால் இதுதான். நாமோ 1958 ஆசியாட்டில் வெண்கலம், 1962-ல் ஜகார்த்தாவில் வெள்ளி என்று போய், பிறகு 24 ஆண்டுகள் காத்திருந்து 1986 சோல் ஆசியாட்டில் ஒரு வெண்கலம் வாங்கினோம். ஜிம்மி ஜார்ஜ் ஆடிய அணி அது. மூன்றாமிடத்துக்கான ஆட்டத்தில் வீழ்த்தியது ஜப்பானை. அடுத்த ஆண்டே ஜிம்மி ஜார்ஜ் இத்தாலியில் சாலை விபத்தில் இறந்துபோனார். அவருக்கு வயது 32. இந்திய வாலிபால் இன்றுவரை பேசி மகிழும் கடைசிப் பதக்கம் அதுதான்.

நம்மைக் கெடுத்தது ஆசியாட்தான் என்பது என் கட்சி. நான்காண்டுக்கு ஒருமுறை வரும் அந்தத் திருவிழாவை மட்டும் வைத்து ஒரு விளையாட்டின் உடல்நிலையைக் கணிக்கப் பழகிவிட்டோம். 2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசியாட்டில் இந்தியா தென் கொரியாவை ஐந்து செட்டில் வென்றது. 25-27, 29-27, 25-22, 20-25, 17-15. முந்தைய ஆசியாட்டின் வெள்ளிப் பதக்க அணியை மடக்கிய ஆட்டம் அது. மறுக்க முடியாத வெற்றி. செய்தித்தாள்களில் விளையாட்டுப் பக்கத்தின் மேல்பகுதியைப் பிடித்தது, வாட்ஸ்அப்பில் சுற்றியது, விடிவுகாலம் வந்துவிட்டது என்று எழுதினார்கள். சில நாள்களில் காலிறுதியில் ஜப்பானிடம் மூன்று நேர் செட்களில் தோற்றோம். ஐந்தாமிடத்துக்கான ஆட்டத்தில் பாகிஸ்தானிடமும் மூன்று நேர் செட்.

அந்த ஜப்பான் அணி எது என்று நம்மில் அதிகம் பேர் கேட்கவில்லை. அது அவர்களின் இரண்டாம் அணி. முதல் அணி டோக்கியோவில் பாரிஸ் ஒலிம்பிக் தகுதிச் சுற்றுக்காகக் காத்திருந்தது. அந்த முதல் அணியின் யூகி இஷிகாவாவும் ரான் தகஹாஷியும் ஹாங்சோவுக்கு வரவே இல்லை. ஒரு மாதம் முன்பு ஊர்மியாவில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்புக்கு அவர்கள் வந்திருந்தார்கள். இறுதியாட்டத்தில் ஈரானை அதன் சொந்த மண்ணில், ஈரான் ரசிகர்களின் இரைச்சலுக்கு நடுவே 3-0 என்று வென்றார்கள். இஷிகாவாவுக்குத் தொடரின் சிறந்த வீரர் விருது. எந்தப் போட்டி எதற்கு என்பதில் ஜப்பானுக்குக் குழப்பம் இல்லை. ஆசியாட் ஒலிம்பிக்குக்கு வழி விடுவதில்லை. கண்டத்தின் சாம்பியன்ஷிப்போ உலக சாம்பியன்ஷிப்புக்கு வழி திறக்கிறது. 2026-க்கான போட்டி ஜப்பானின் ஃபுகுவோகாவுக்கு ஒதுக்கப்பட்டது. இம்முறை கண்ட சாம்பியனுக்கு 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் நேரடி இடம் என்பது விதி. ஆசிய வாலிபாலில் யார் எந்த இடம் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர் பார்க்க வேண்டியது இந்தப் போட்டியைத்தான்.

ஈரான் ஏறிய படிகள்

ஜப்பானைச் சுட்டிக்காட்டினால் பணக்கார நாடு என்பார்கள். சீனாவைச் சொன்னால் அரசாங்கமே எல்லாம் என்பார்கள். எனவே ஈரானைப் பார்ப்போம். 1958 ஆசியாட்டில் அறுவர் ஆட்டத்தில் ஈரானுக்கு வெள்ளி, நமக்கு வெண்கலம். அன்று இருவருக்கும் இடையே ஒரே ஒரு படி. அதன்பின் அந்த நாடு புரட்சியைக் கண்டது, எட்டு ஆண்டுப் போரைக் கண்டது, பொருளாதாரத் தடைகளில் அல்லாடியது. விளையாட்டுக்குக் கொட்டிக் கொடுக்கும் நிலையில் அது எப்போதும் இருந்ததில்லை.

அங்கே கால்பந்துதான் ராஜா. வாலிபால் சங்கத்தார் செய்தது, கேட்க எளிதான, செய்யச் சலிப்பூட்டும் வேலை. பையன்களின் அணிகளைக் கட்டினார்கள். இளையோர் போட்டிகளை நாட்டுக்குள் வரவழைத்தார்கள். 1997-ல் சிறுவர் உலக சாம்பியன்ஷிப்பை நடத்தியது தெஹ்ரான். பயிற்சியாளர்களை வெளியிலிருந்து அழைத்துவரத் தயங்கவில்லை. கொரியர் பாக் கி-வொன் காலத்தில், 2002 பூசான் ஆசியாட்டில் வெள்ளி வந்தது. சிட்னி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவுக்குத் தங்கம் வாங்கித்தந்த ஸோரன் கயிச் சில காலம் வந்து போனார். 2007-ல் மெக்சிகோவில் சிறுவர் உலக சாம்பியன்ஷிப்பை ஈரான் வென்றது. அதற்குப் பிறகு, 2011-ல்தான், ஹூலியோ வெலாஸ்கோ வந்தார்.

இந்த வரிசையை நாம் தலைகீழாகப் படிக்கிறோம் என்பதுதான் சிக்கல். வெலாஸ்கோ அர்ஜென்டினாக்காரர். 1990-லும் 1994-லும் இத்தாலியை உலக சாம்பியனாக்கியவர். பல ஆண்டுகள் கழித்து, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இத்தாலியப் பெண்கள் அணிக்கும் தங்கம் வாங்கிக் கொடுத்தார். அப்படிப்பட்டவரைக் கூட்டிவந்தார்கள், அதே ஆண்டு தெஹ்ரானில் முதல் ஆசியக் கோப்பை கிடைத்தது, 2013-ல் துபாயில் இரண்டாவதும் கிடைத்தது. ஆகவே பெரிய பயிற்சியாளர் வந்தால் போதும் என்று நம் நிர்வாகிகள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். வெலாஸ்கோ வந்து இறங்கியபோது அவருக்காக ஒரு தலைமுறை காத்திருந்தது. பதினாறு, பதினேழு வயதிலேயே பிரேசிலையும் ரஷ்யாவையும் எதிரே பார்த்துவிட்ட பையன்கள் அவர்கள். பெரிய பெயர்களைக் கண்டு கால் நடுங்காதவர்கள். மண் பதமாக இருந்த இடத்தில் விதை விழுந்தது. 2014 உலக லீகில் நான்காமிடம், 2016 ரியோவில் முதல் ஒலிம்பிக், அதிலேயே காலிறுதி. 2014, 2018, 2023 என்று மூன்று ஆசியாட் தங்கங்கள் தொடர்ந்து. வெலாஸ்கோ 2014-லேயே போய்விட்டார் என்பதையும் கவனிக்க வேண்டும். அவருக்குப் பின் செர்பியர், அர்ஜென்டினர், மொன்டினீக்ரோக்காரர், ரஷ்யர் என்று ஆள் மாறிக்கொண்டே இருந்தாலும் ஏணி ஆடவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் சறுக்கிய பிறகு 2021-ல் பெஹ்ரூஸ் அத்தாயி என்ற உள்நாட்டுப் பயிற்சியாளரிடம் அணியைக் கொடுத்தார்கள். ஒலிம்பிக் முடிந்த அடுத்த மாதமே ஜப்பானின் சீபாவுக்குப் போய், இறுதியாட்டத்தில் ஜப்பானை 3-0 என்று வென்றார்கள். சீபாவில் ஈரான், ஊர்மியாவில் ஜப்பான்: ஒருவர் வீட்டுக்குள் மற்றவர் புகுந்து எடுத்துச் சென்ற கோப்பைகள்.

ஊர்மியாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். துருக்கி எல்லைக்கு அருகில், அஸேரி மொழி பேசுவோர் நிறைந்த நகரம். வற்றிக்கொண்டிருக்கும் உப்பு ஏரியால் உலகச் செய்திகளில் அடிபடும் ஊர். ஈரானியர்களுக்கு அது வாலிபால் ஊர். பத்தாண்டுக்கும் மேலாக ஈரானின் செட்டராக இருந்த சயீத் மரூஃப் அங்கிருந்து வந்தவர். அவர் பந்தைத் தூக்கிக் கொடுப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எதிரணியின் பிளாக் ஒரு பக்கம் குதித்துக்கொண்டிருக்கும்போது பந்து மறுபக்கம் தரையில் விழுந்திருக்கும். தலைநகர் அல்லாத ஒரு நகரம், தன் ஊர்ப் பிள்ளைகளை வைத்தே ஒரு தேசிய அணியின் மூளையாக முடியும் என்பதற்கு ஊர்மியா சாட்சி.

எல்லாவற்றையும் அங்கிருந்து வாங்கிவரச் சொல்லவில்லை. ஆண்கள் வாலிபால் ஆட்டங்களைப் பார்க்க ஈரானில் பெண்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. 2014-ல் தெஹ்ரானில் ஈரான்-இத்தாலி ஆட்டத்தின்போது அரங்குக்கு வெளியே கைதான பிரிட்டிஷ்-ஈரானிய இளம்பெண் மாதக்கணக்கில் சிறையில் இருந்தார். நாட்டின் பாதிப் பேரை வெளியே நிறுத்திவிட்டுக் கொண்டாடிய கோப்பைகளும் அந்த நான்கில் உண்டு. சர்வதேச வாலிபால் சம்மேளனம் கண்டித்தது, எச்சரித்தது. ஆனால் போட்டிகளை அங்கே கொடுப்பதை நிறுத்திவிடவில்லை. அந்தச் சம்மேளனத்தின் மீது எனக்குள்ள மரியாதை குறைந்த இடம் அது.

உயரம் என்ற சாக்கு

நம் பையன்களுக்கு உயரம் போதாது என்பது நெடுநாளாகக் கேட்கும் பேச்சு. ஜப்பானின் செட்டர் மசஹிரோ செகிதா 175 சென்டிமீட்டர். திருச்சி பேருந்து நிலையத்தில் நின்றால் யாரும் திரும்பிப் பார்க்காத உயரம். இடக்கையால் இடி போல் இறக்கும் யூஜி நிஷிதா 190-ஐத் தொடாதவர். உயரத்தில் ஐரோப்பாவோடு போட்டி போட முடியாது என்று ஜப்பான் 1960-களிலேயே ஏற்றுக்கொண்டது. அதனால் மட்சுதைரா யசுதகா என்ற பயிற்சியாளர் எட்டு ஆண்டில் தங்கம் என்று கெடு வைத்துக்கொண்டு வேறு வழி தேடினார். பந்து நெட்டுக்கு மேலே எழும்பும் முன்பே அட்டாக்கர் குதித்துவிடும் குயிக், ஒருவர் குதிப்பதாகப் பாவனை காட்டி பிளாக்கை ஏமாற்றிவிட்டு அரைக் கணம் கழித்து அடிப்பது, இவையெல்லாம் அந்தத் தேடலில் பிறந்தவை. இன்று உலகமே இவற்றை ஆடுகிறது. நம் மாவட்டப் போட்டிகளில் நெட் ஓரமாகக் கைகாட்டிக் குயிக் கேட்கும் பையனுக்கு, தான் கேட்பது மியூனிக்கில் தங்கம் வாங்கிய சரக்கு என்பது தெரியாது.

அந்த ஜப்பானும் விழுந்தது. 1992-க்குப் பிறகு ஆண்கள் அணி 1996, 2000, 2004, 2012, 2016 ஒலிம்பிக்குகளுக்குத் தகுதி பெறவில்லை. மீண்டது எப்படி? இஷிகாவா 2014-ல் சூவோ பல்கலைக்கழக மாணவராக இருக்கும்போதே இத்தாலியின் மொடேனா கிளப்புக்குப் போனார். அவரைப் பார்த்து மற்றவர்கள் போனார்கள். பிரான்ஸின் பிலிப் பிளேன் முதலில் துணைப் பயிற்சியாளராக வந்து, ஆட்களையும் பழக்கவழக்கத்தையும் தெரிந்துகொண்டு, பிறகுதான் தலைமை ஏற்றார். 2023 நேஷன்ஸ் லீகில் வெண்கலம், 2024-ல் வெள்ளி. பாரிஸ் காலிறுதியில் இத்தாலிக்கு எதிராக முதல் இரண்டு செட்டை வென்று, மூன்றாவதில் மேட்ச் பாயின்ட் வரை போய்த் தோற்றார்கள். 2025 உலக சாம்பியன்ஷிப்பில் முதல் சுற்றையே தாண்டவில்லை. விழுவார்கள், ஆனால் எங்கே விழுந்தோம் என்று தேட அவர்களிடம் ஆள் இருக்கிறது. கொரியாவின் கதை வேறு. உள்நாட்டு லீகில் நல்ல சம்பளம், வெளிநாட்டுக்குப் போக ஆசையில்லை. 2000-க்குப் பிறகு அவர்களின் ஆண்கள் அணி ஒலிம்பிக்கைப் பார்க்கவில்லை. நாம் கொண்டாடிய வெற்றி அந்தக் கொரியாவுக்கு எதிரானது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இங்கேதான் 2003-ஐ எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது. ஈரான் பையன்கள் உலகக் கோப்பை வெல்வதற்கு நான்கு ஆண்டு முன்பு, அதே சிறுவர் உலக சாம்பியன்ஷிப்பில் இந்தியா இறுதியாட்டம் வரை சென்றது. பிரேசிலிடம் தோற்று வெள்ளி வாங்கியது. உலக அளவில் வெள்ளி! ஈரானுக்கு முன்னால் நின்றோம். அந்த வயதுப் பையன்கள் முழு வலுவோடு இருந்திருக்க வேண்டிய 2011, 2013 ஆசியக் கோப்பைகளை ஈரான் எடுத்துக்கொண்டது. திறமை இருந்தது, உயரம் இருந்தது. அவர்களை ஒன்றாக வைத்து, ஆண்டுதோறும் தங்களைவிட வலிய அணிகளோடு மோதவிட ஆளில்லை.

இருந்தவர்கள் சண்டையில் இருந்தார்கள். இந்திய வாலிபால் சம்மேளனம் நெடுங்காலம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது என்பதால் இது நமக்கும் உள்ள பழி. கோஷ்டிப் பூசல் முற்றி, 2016 டிசம்பரில் சர்வதேச சம்மேளனம் இந்தியாவை இடைநீக்கம் செய்தது. தடை விலகப் பல மாதங்கள் ஆயின. பிறகு மறுபடி பூசல், மறுபடி நீதிமன்றம், இடைக்காலக் குழு. ஒரு வாலிபால் வீரருக்கு உச்சிக் காலம் என்பது ஏழெட்டு ஆண்டு. அதில் இரண்டு ஆண்டு நிர்வாகிகளின் வழக்குக் கட்டில் போனால் யாரிடம் நஷ்டஈடு கேட்பது?

வேலை என்ற கரை

இன்னொரு காரணத்தைச் சொன்னால் வீரர்களே கோபித்துக்கொள்வார்கள். தூத்துக்குடி, விருதுநகர் பக்கத்து மின்னொளிப் போட்டிகளில் ஆடும் பையனிடம் என்ன கனவு என்று கேட்டுப்பாருங்கள். ஆசிய சாம்பியன்ஷிப் என்று சொல்ல மாட்டான். ரயில்வே, ஐஓபி, ஐசிஎஃப், வருமான வரித்துறை, போலீஸ் என்பான். அதில் தவறே இல்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை என்பது ஒரு குடும்பம் கரையேறுவது. ஆனால் இருபத்திரண்டு வயதில் கரை வந்துவிட்டால், அதற்கு மேல் நீந்தச் சொல்ல ஏதாவது வேண்டும் அல்லவா? துறை அணிக்கு ஆடினால் பதவி உயர்வு உண்டு. இந்திய அணிக்கு ஆடினால் ஒரு ஜெர்சி, ஒரு குறுகிய பயிற்சி முகாம், போட்டி முடிந்ததும் ஆளுக்கொரு திசை. உக்கிரபாண்டியன், ஜெரோம் வினித் போன்றவர்கள் இந்த அமைப்புக்குள் இருந்துகொண்டே சர்வதேசத் தரத்தை எட்டினார்கள் என்றால் அது அவர்கள் பெருமை, அமைப்பின் பெருமை அல்ல. ஆடியும் பயிற்றுவித்தும் அர்ஜுனா, துரோணாச்சார்யா இரண்டையும் பெற்ற ஜி.இ.ஸ்ரீதரன் போன்றவர்களை நாடு எந்த அளவுக்குப் பயன்படுத்திக்கொண்டது என்பதும் கேட்கத்தக்க கேள்வி.

லீக் வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்பவர்கள் இருக்கிறார்கள். 2019-ல் புரோ வாலிபால் லீக் வந்தது. சென்னை ஸ்பார்ட்டன்ஸ் கோப்பை வென்றது. அடுத்த ஆண்டே லீக் இல்லை. 2022-லிருந்து பிரைம் வாலிபால் லீக் நடக்கிறது. டிவியில் வாலிபால் தெரிகிறது, வீரர் கையில் காசு தங்குகிறது, இரண்டும் நல்லவை. ஆனால் அங்கே ஒரு செட் 15 புள்ளி. தொலைக்காட்சிக்காகச் சுருக்கிய ஆட்டம். ஆசிய சாம்பியன்ஷிப்பில் ஒரு செட் 25. பத்துப் புள்ளிதானே என்று தோன்றும். 15 புள்ளி ஆட்டத்தில் இரண்டு நல்ல சர்வீஸ் செட்டைத் தூக்கிவிடும். 25 புள்ளி ஆட்டத்தில் எதிரணி உங்கள் பலவீனத்தைக் கண்டுபிடித்து, திரும்பத் திரும்ப அங்கேயே சர்வீஸ் போட்டு, 18-க்கு மேல் உங்கள் பாஸ் உடையும் வரை காத்திருக்கும். கொரியாவை வென்ற ஆட்டத்தின் இரண்டாவது செட் 29 வரை போனதே, அந்த நெடுந்தூர ஓட்டத்துக்கு லீகில் பயிற்சி இல்லை. லீகை நடத்துகிறவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் வியாபாரம் அது. தேசிய அணிக்கு வேண்டிய பயிற்சியை லீக் தரும் என்று சம்மேளனம் கையைக் கட்டிக்கொண்டிருப்பதுதான் குறை.

அண்டை நாடுகள் சும்மா இல்லை. பாகிஸ்தான் பிரேசிலிலிருந்து பயிற்சியாளரைக் கொண்டுவந்தது. நம்மை 3-0 என்று வென்றதில் அதற்குப் பங்கு உண்டு. கரப்பந்தாட்டத்தைத் தேசிய விளையாட்டாகவே வைத்திருக்கும் இலங்கை, வசதிக்குறைவோடும் விடாமல் வந்து ஆடுகிறது. மேற்காசியாவில் கத்தாரும் பஹ்ரைனும் வளர்ந்துவிட்டன.

ஆசிய சாம்பியன்ஷிப்பைத் தெஹ்ரான் நான்கு முறை நடத்தியிருக்கிறது. ஊர்மியாவையும் சேர்த்தால் ஈரானுக்கு ஐந்து. தோஹா, துபாய், மணிலா, இந்தோனேசியாவின் கிரேசிக் எல்லாம் நடத்திவிட்டன. இந்தியா ஒரு முறைகூட நடத்தியதில்லை. சென்னையில் 1995 தெற்காசியப் போட்டிக்காகக் கட்டிய நேரு உள்விளையாட்டரங்கம் இருக்கிறது. பிரைம் லீகின் 2024 ஆட்டங்கள் அங்கேதான் நடந்தன, கூட்டமும் வந்தது. செஸ் ஒலிம்பியாடை நான்கு மாத அவகாசத்தில் மாமல்லபுரத்தில் நடத்திக்காட்டிய மாநிலம் இது. அந்தத் துணிச்சலை வாலிபாலுக்கும் காட்டட்டும். முதலில் சிறுவர், இளையோர் ஆசியப் போட்டிகளை ஆண்டு விடாமல் கேட்டு வாங்குவது, அதில் ஆடும் பதினெட்டுப் பையன்களை ஆறு ஆண்டுக்குக் கலைக்காமல் வைத்துக்கொள்வது, அவர்களுக்கு வேலை கொடுக்கும் ரயில்வேயும் வங்கிகளும் தேசிய முகாமைப் பணிநாளாகவே கணக்கிட்டுப் பதவி உயர்வில் சேர்ப்பது. அதற்குப் பிறகு 2030-களில் ஒரு ஆசிய சாம்பியன்ஷிப்பைச் சென்னைக்குக் கேட்கலாம். அப்போது அரங்கின் எல்லாக் கதவுகளும் எல்லோருக்கும் திறந்திருக்கும் என்பது, தெஹ்ரானால் தர முடியாத, நம்மால் தரக்கூடிய ஒன்று.